கல் வைக்கும் பை

“ஒரு வரி எழுதல. வெறும் கத்தி. பெத்த அப்பனுக்கு வெறும் கத்தியை அனுப்பினா அதுக்கு என்ன அர்த்தம்?”

நாலு வருஷமாக தனிஸ்லாஸ் சொல்லிவரும் வாசகம் இது. ஒரு சொல் கூடாது, ஒரு சொல் குறையாது. பூசையில் சொல்லும் பதில்களைப் போல அவர் மனைவி எமல்டாவுக்கு மனப்பாடம் ஆகியிருந்தது.

“முடிச்சிட்டீங்களா?” என்றாள். “‘நான் செத்தா தகவலும் இப்படித்தான் போகும்’னு இன்னொண்ணு பாக்கி இருக்கே, அதையும் சொல்லிருங்க. குக்கர் விசில் வர்றதுக்குள்ள.”

“உனக்கு எல்லாமே கிண்டல்.”

“கிண்டல் இல்ல. கேட்டுக் கேட்டுக் காது புளிச்சிருச்சு.”

அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். பிடி உடைந்து, துணி சுற்றி, நூல் கட்டிய கத்தி. அறுப்பதைவிட நசுக்குவதில்தான் அதற்கு விருப்பம் அதிகம்.

அவளுக்கு நேர் எதிரே, கண்ணாடி அலமாரிக்குள், முப்பத்தேழு கத்திகள் வரிசையாகப் படுத்திருந்தன.

“முப்பத்தேழு கத்தி இருக்கு இந்த வீட்ல. பீன்ஸ் நறுக்க ஒண்ணு கிடையாது.”

“அதெல்லாம் வேட்டைக் கத்தி.”

“நீங்க கடைசியா வேட்டையாடினது என்ன? போன மழைக்கு ஒரு பெருச்சாளி. அதையும் விளக்குமாத்தால.”

தனிஸ்லாஸ் ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர். கோபம் வந்தால் முத்திரை குத்துகிற மாதிரி விரலால் மேஜையைத் தட்டுவார். தட்டினார். அவ்வளவுதான்.

கொடைக்கானலில் ஒரு காலத்தில் அமெரிக்கப் பாதிரிகள் நிறையப் பேர் இருந்தார்கள். ஜெபம் போக மிச்ச நேரத்தில் சிலர் காட்டுக்கும் போனார்கள். ஊரைக் காலி செய்தபோது பியானோவை விட்டார்கள், ரோஜாச் செடிகளை விட்டார்கள், கத்திகளையும் விட்டுவிட்டுப் போனார்கள். அப்படி ஒரு கத்தி எப்போதோ தனிஸ்லாஸ் கைக்கு வந்தது. தோல் வட்டங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி இறுக்கிய பிடி. அமெரிக்காவின் மிச்சிகனில் செய்தது. அதைக் கையில் பிடித்த அன்றைக்கு வந்த பைத்தியம் இன்னும் தெளியவில்லை.

எமல்டாவின் கணிப்பில், மற்ற வீடுகளில் புருஷன்மார்கள் குடிக்கிறார்கள். இவர் கத்தி துடைக்கிறார். அந்த மட்டும் லாபம்.

கலகம் வந்தது அவருடைய அறுபதாவது பிறந்த நாளில்.

மகன் ரெமி அதற்கென்றே அமெரிக்காவிலிருந்து வந்திருந்தான். அப்பாவை அசத்த வேண்டும் என்று ஆசை. இருக்கிறதிலேயே பழைய கத்தியை யாருக்கும் தெரியாமல் எடுத்துக்கொண்டு மலையிறங்கி, குத்துவிளக்குக்கு மெருகு போடும் பட்டறையில் கொடுத்தான். ரிப்பன் கட்டி அப்பா முன்னால் வைத்தான்.

தொண்ணூறு வருஷம் காற்றும் எண்ணெயும் ரத்தமும் சேர்ந்து அந்த இரும்பில் ஏற்றியிருந்த சாம்பல் நீலம் அரை மணி நேரத்தில் போயிருந்தது. கத்தி, புதுச் சோற்றுக் கரண்டி மாதிரிப் பளபளத்தது.

வெளியாட்களுக்கு அது அழகு. பழைய கத்தி சேர்க்கிறவனுக்கு அது பிணம்.

“இனிமே என் சாமான் எதுலயும் உன் கை படக் கூடாது,” என்றார் தனிஸ்லாஸ். இருபது பேர் முன்னால். கேக் வெட்டாமலே எழுந்து போனார்.

ரெமி அடுத்த நாளே மலையிறங்கினான். அதற்கப்புறம் ஊருக்கு வரவே இல்லை.

ஆறு மாதம் கழித்து அவனுடைய நண்பன் ஒருவன் லீவுக்கு வந்தான். பெட்டிக்குள்ளிருந்து ஓர் அட்டை டப்பாவை எடுத்து எமல்டாவிடம் நீட்டினான்.

“என்னப்பா இது?”

“ரெமி குடுத்தான் ஆன்ட்டி. அங்கிளுக்கு. ஏதோ பழைய கத்தி.”

கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் உறவு அறும் என்பதை எமல்டா நம்புவதில்லை. பதினொரு வருஷம் கன்னியாஸ்திரீகளிடம் படித்தவள். அதெல்லாம் மூடத்தனம் என்று பரீட்சையிலேயே எழுதியிருக்கிறாள். இருந்தாலும், நீட்டிய கை நீட்டியபடி நிற்க, “அந்த மேஜை மேல வைப்பா,” என்றுதான் சொன்னாள்.

கெட்டுப்போனதைப் போலவே அச்சு அசலாக இன்னொரு கத்தி. அதே ஊர், அதே காலம். தோல் உறைகூட அதே மாதிரி. எங்கே தேடினானோ, எத்தனை நாள் தேடினானோ.

தனிஸ்லாஸ் டப்பாவைக் கவிழ்த்துத் தட்டினார். உள்ளே கசக்கி வைத்திருந்த காகிதங்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். கடிதம் இல்லை.

“ஒரு வரி எழுதல,” என்றார். அன்றைக்குத்தான் அந்த வாசகம் பிறந்தது.

கத்தி அலமாரிக்குப் போனது. உறை டிரங்குப் பெட்டிக்குப் போனது.

ஞாயிற்றுக்கிழமை தோறும் ரெமி அம்மாவுக்குப் போன் செய்வான். அப்பாவைக் கூப்பிடச் சொல்ல மாட்டான். ஊரிலிருந்து யாராவது அமெரிக்காவுக்குப் புறப்படுகிறார்கள் என்று தெரிந்தால் மட்டும், போனை வைக்கும்போது ஒன்று கேட்பான்.

“அப்பா ஏதாவது குடுத்து விட்டாராம்மா?”

“எலுமிச்சை ஊறுகாய் நான் குடுத்து விட்டிருக்கேன். போதாதா?”

“போதும்மா.”

போன ஞாயிற்றுக்கிழமையும் கேட்டான். பக்கத்து வீட்டு டயானா வருகிற திங்கட்கிழமை அமெரிக்காவுக்குப் புறப்படுகிறாள். எமல்டா அடுப்பில் பாலை வைத்திருந்தாள். அது பொங்குகிற நேரம்.

“எத்தனை வருஷமாடா இதையே கேப்ப? ஒண்ணும் குடுக்கல. குடுக்கவும் மாட்டார்.”



“சரிம்மா,” என்றான் ரெமி. “இனிமே கேக்கல.”

பால் பொங்கி வழிந்தது. துடைத்தாள். ஆனால் அந்த “இனிமே கேக்கல” ஆறு நாளாகத் துடைக்க வராமல் நின்றது. கோபமாகச் சொல்லியிருந்தால் அவளுக்குக் கவலையில்லை. அவன் கோபமாகச் சொல்லவில்லை. கடையை மூடிவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு போகிறவன் சொல்வது மாதிரிச் சொன்னான்.

அதை இன்று காலையில் தனிஸ்லாஸிடம் சொன்னாள். அதற்குத்தான் அவர் அந்தப் பழைய வாசகத்தை எடுத்தார்.

குக்கர் விசிலடித்தது.

எமல்டா அடுப்பை அணைத்தாள். கையைத் துடைத்தாள்.

“எடுங்க அந்தக் கத்திய.”

“எந்தக் கத்தி?”

“பிள்ளை அனுப்பினது. உங்க ஆசான்கிட்டயே போய்க் கேப்போம், என்ன அர்த்தம்னு. இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு தெரியணும்.”

“அவர்கிட்ட இந்தக் கத்தியைக் காட்டினதே இல்ல.”

“முப்பத்தாறைக் காட்டின மனுசனுக்கு இது ஒண்ணு மட்டும் கைகூசுதாக்கும்.”

அவர் அலமாரியைத் திறந்தார்.

*

ஆசான் என்றால் தாடியும் ஆசிரமமும் இல்லை. ஏரிக்கரையில் சவாரிக் குதிரைகள் கட்டியிருக்கும் கொட்டகை. அதன் ஓரத்தில் தகரம் போட்ட ஓர் அறை. உள்ளே சிக்கந்தர் ராவுத்தர் உட்கார்ந்து சேணம் தைத்துக்கொண்டிருப்பார். வயது நாற்பத்திரண்டு. தனிஸ்லாஸைவிட இருபத்திரண்டு வயது சின்னவர்.

பழைய கத்தி ஒன்றின் பிடியை அவர் கையில் கொடுத்தால் போதும். கண்ணை மூடிக்கொண்டு, வைத்திருந்தவன் எந்தக் கைக்காரன் என்று சொல்லிவிடுவார். மலையில் கத்தி சேர்க்கிற நாலு பேருக்கும் அவர்தான் நீதிமன்றம். அவரிடம் இருப்பதோ ஒரே கத்தி. அதுவும் அமெரிக்கக் கத்திதான். தோல் அறுத்து அறுத்து, தீட்டித் தீட்டி, பாதி அகலத்துக்குத் தேய்ந்துபோனது.

முதல் வருஷம் முழுக்க தனிஸ்லாஸைப் பிடியை மட்டும் தொடச் சொன்னார். இரண்டாம் வருஷம் கூர்ப்பக்கத்தை மட்டும் பார்க்கச் சொன்னார். இப்படி ஆறு வருஷம்.

“குதிரைக்கு இடுப்புவார் தைக்கிறவர்கிட்ட அறுபத்துநாலு வயசுல டியூஷன்,” என்பாள் எமல்டா. “பீஸ் இல்லாததால விட்டேன்.”

இருவரும் உள்ளே போனபோது ராவுத்தர் மெழுகுக் கட்டியில் நூலை இழுத்துக்கொண்டிருந்தார்.

“வாங்க சார். வாங்கம்மா. அந்தப் பலகையில உக்காருங்க. சாணி இருக்கு, பாத்து.”

எமல்டா சேலையைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

“ராவுத்தரே,” என்றார் தனிஸ்லாஸ். அவருக்கென்று நிரந்தரமாக ஒரு கேள்வி உண்டு. அதை முதலில் கேட்டுவிடுவது வழக்கம். “ஆறு வருஷம் ஆச்சு. எனக்குக் கத்தி பாக்கத் தெரியும்னு இப்பவாவது சொல்லுங்க.”

“என்ன கொண்டு வந்திருக்கீங்க?”

தனிஸ்லாஸ் எண்ணெய்த் துணியைப் பிரித்துக் கத்தியைப் பலகைமேல் வைத்தார். ராவுத்தர் தொடவில்லை.

“பாருங்க. பாத்துச் சொல்லுங்க.”

தனிஸ்லாஸ் மூக்குக்கண்ணாடியை மாட்டினார். கத்தியை எடுத்து ஜன்னல் பக்கம் திருப்பினார். கட்டைவிரலைக் கூருக்குக் குறுக்காக வைத்து மெதுவாக நகர்த்தினார். எமல்டாவுக்கு அவருடைய அந்த முகத்தைப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. கல்யாணமான புதிதில் தன்னை அப்படிப் பார்த்திருக்கிறார் என்று நினைத்தாள். உடனே, அதெல்லாம் இப்போது எதற்கு என்றும் நினைத்தாள்.

“இடது கைக்காரன்,” என்றார் தனிஸ்லாஸ். “ஒரு பக்கம்தான் அதிகமாத் தேய்ஞ்சிருக்கு. மீன் அறுக்கல. தோல் உரிச்சிருக்கான். வயித்துப் பக்கம் வளைவுலதான் தேய்மானம். அவசரக்காரன் இல்ல. எண்ணெய்க் கல்லுலதான் தீட்டியிருக்கான், சாணைச் சக்கரத்துல ஒரு தடவைகூடக் குடுக்கல. பிடியில சுண்டுவிரல் பக்கம் மட்டும் கறுப்பு கம்மி. அந்த விரல் அவனுக்கு மடங்காது போல. இல்ல, அந்த விரலே இல்ல.”

ராவுத்தர் தலையை ஆட்டினார்.

“சரியா?”

“சரி சார். நானும் அதுதான் சொல்லியிருப்பேன்.”

தனிஸ்லாஸ் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. எமல்டாவால் அதற்குமேல் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

“அடேயப்பா! எப்பவோ செத்துப்போன ஒரு வெள்ளைக்காரனுக்குச் சுண்டுவிரல் இல்லைங்கிறது வரைக்கும் தெரியுது. இதை அனுப்பினவன் பத்து விரலோட உயிரோட இருக்கானே, அவனைப் பத்தி என்ன தெரியுது? அதைச் சொல்லுங்க.”

கொட்டகையில் ஒரு குதிரை காலை மாற்றி வைத்தது.

ராவுத்தர் முதல் தடவையாக நூலைக் கீழே வைத்தார்.

“அம்மா கேட்டதுதான் கேள்வி,” என்றார்.

“இதை என் பையன் அனுப்பினான்,” என்றார் தனிஸ்லாஸ். “ஒரு வரி எழுதல. வெறும் கத்தி. பெத்த அப்பனுக்கு வெறும் கத்தியை அனுப்பினா அதுக்கு என்ன அர்த்தம்?”

எமல்டா கூரையைப் பார்த்தாள்.

ராவுத்தர் கத்தியைப் பார்த்தார். அப்புறம் தனிஸ்லாஸின் பையைப் பார்த்தார். அப்புறம் கத்தியைச் சுற்றி வந்த துணியை எடுத்து உதறிப் பார்த்தார்.

“உறை எங்க சார்?”

“வீட்ல. டிரங்குப் பெட்டியில.”

“எப்பலேருந்து?”

“வந்த அன்னிக்கே பிரிச்சு வெச்சிட்டேன். உறையிலயே விட்டா தோல்ல இருக்கிற உப்பு இரும்பை அரிக்கும்னு நீங்கதானே சொன்னீங்க?”

“சொன்னேன்.”

“அப்புறம்?”

“உறையில வைக்க வேண்டாம்னு சொன்னேன். உறையைப் பாக்க வேண்டாம்னு சொல்லல.”

ராவுத்தர் நூலை எடுத்து ஊசியில் கோத்தார். பேச்சு முடிந்துவிட்டது என்பதற்கு அவரிடம் அடையாளம் இதுதான். பாதிப் பேர் இந்த இடத்தில் கோபித்துக்கொண்டு போய்விடுவார்கள்.

“இந்த முழங்காலை வெச்சுக்கிட்டு மறுபடி ஏத்தம் ஏற முடியாது,” என்றார் தனிஸ்லாஸ். “இன்னொரு நாள் கொண்டாரேன்.”

“திங்கக்கிழமை டயானா போறா,” என்றாள் எமல்டா.

“அதுக்கும் இதுக்கும் என்ன?”

என்ன என்று அவளுக்கும் தெரியவில்லை.

“சாவியைக் குடுங்க,” என்றாள்.

*

ஏரியிலிருந்து வீடு இருக்கும் நாயுடுபுரத்துக்கு நெட்டுக்குத்தான ஏற்றம். பாதி வழியில் மூச்சு வாங்கியது. சேணம் தைக்கிறவனுக்கு எழுந்து வரத் தெரியாதா, பிறந்த நாள் கேக்கை வெட்டிவிட்டுக் கோபித்துக்கொண்டிருக்கக் கூடாதா, மெருகு போடுவதற்கு முன்னால் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா என்று மூன்று ஆண்களையும் வரிசையாகத் திட்டிக்கொண்டே ஏறினாள். ஏற்றம் தெரியவில்லை.

டிரங்குப் பெட்டியில் அந்துருண்டை வாசம். முப்பத்தேழு உறைகள், முப்பத்தேழு பொட்டலங்கள். ஒவ்வொன்றிலும் போஸ்ட்மாஸ்டர் கையெழுத்தில் நம்பர்.

முப்பத்தேழாவது அடியில் கிடந்தது. நாலு வருஷத்துக்கு முந்தைய செய்தித்தாள். பார்சலுக்குப் போடும் முடிச்சு. போட்டவர் ஒரு தடவைகூட அதை அவிழ்த்ததில்லை என்பதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. நூல் பதிந்த இடத்தில் காகிதம் பள்ளம் விழுந்து மஞ்சளாகியிருந்தது.

அவளுக்கு முடிச்சுகளோடு பொறுமை கிடையாது. பல்லால் கடித்து அறுக்கப் போனாள்.

ஏனோ, அறுக்கவில்லை. அப்படியே காய்கறிப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினாள்.

*

முடிச்சைத் தனிஸ்லாஸே அவிழ்த்தார்.

பழுப்பு நிறத் தோல் உறை. மேலே இடுப்புவார் கோக்கும் வளையம். முன்பக்கம் தீப்பெட்டி அளவுக்கு ஒரு சின்னப் பை. அதன் மூடியில் பித்தளைப் பட்டன்.

“இது என்ன, வெத்தலைப் பையா?” என்றாள் எமல்டா.

“தீட்டுற கல் வைக்கிற பை. காட்டுல கத்தி மழுங்கினா அங்கேயே தீட்டணும்ல?”

“கல் இருக்கா?” என்றார் ராவுத்தர்.

“இருக்கும்.”

“பாத்தீங்களா?”

தனிஸ்லாஸ் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். சேர்க்கிறவர்களுக்கே உரிய பெருமை அது.

“பாக்கல. பாக்கவும் கூடாது. எண்பது, தொண்ணூறு வருஷத்துப் பட்டன் ராவுத்தரே. முதல்ல வாங்கினவன்கூடத் திறக்காத பட்டன். இந்த மாதிரி ஒண்ணு மலையில யாருகிட்டயும் இல்ல. இழுத்தா தோல் வெடிக்கும். வெடிச்சா அதோட போச்சு. மத்த முப்பத்தாறையும் வந்த அன்னிக்கே திறந்து பாத்தேன். இதை மட்டும் தொடல.”

ராவுத்தர் சுவரில் ஆணியில் கல்லோடு தொங்கிய தன்னுடைய உறையை எடுத்தார். வளையத்தில் ஒரு விரலை நுழைத்துத் தொங்கவிட்டார். அது ஆடி ஆடி, முன்பக்கம் லேசாகச் சாய்ந்து நின்றது.

தனிஸ்லாஸின் உறையை எடுத்து இன்னொரு கை விரலில் தொங்கவிட்டார்.

அது நேராக நின்றது.

தனிஸ்லாஸ் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

“கல் இல்ல,” என்றார். “தொலைஞ்சிருக்கும்.”

“திறக்காத பையிலேருந்து எப்படி சார் தொலையும்?”

தனிஸ்லாஸ் விரல் பலகையைத் தட்டியது. ஒரு தடவை. அப்புறம் நின்றது.

ராவுத்தர் உறையை மூக்குக்குக் கொண்டுபோனார். அப்புறம் அதை எமல்டாவிடம் நீட்டினார்.

“நீங்க சொல்லுங்கம்மா. உங்களுக்குத்தான் எண்ணெய் தெரியும்.”

அவள் வேண்டாவெறுப்பாக முகர்ந்தாள். உறை முழுக்க அந்துருண்டையும் பழைய தோலும். பட்டனுக்குக் கிட்டே மட்டும் வேறே. ரெமிக்குச் சின்ன வயசில் தலைக்குத் தேய்த்த எண்ணெய் இது. கல்லூரிக்கும் அதைத்தான் கொடுத்தனுப்பினாள். அமெரிக்காவுக்கும் அதைத்தான், ஊறுகாய்க்குப் பக்கத்தில் வைத்து.

“தேங்கா எண்ணெய்,” என்றாள். “நம்ம வீட்டுத் தேங்கா எண்ணெய். கறிவேப்பிலை போட்டுக் காய்ச்சினது.”

“அமெரிக்காக்காரன் தோலுக்குத் தேங்கா எண்ணெய் போட மாட்டான்,” என்றார் ராவுத்தர். “யாரோ திறக்கணும்னு நினைச்சிருக்காங்க. தோல் வெடிச்சிரும்னு பயந்திருக்காங்க. கையில இருந்த எண்ணெயைத் தடவி, ஊறவிட்டு, மெதுவாத் திறந்திருக்காங்க. பழைய சாமானைத் தொடத் தெரியாத கை. ஆனா கத்துக்கிட்டு வந்திருக்கு.”

மூடியின் மடிப்பை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிக் காட்டினார். பழைய மடிப்புக்குப் பக்கத்தில் புதிதாக இன்னொரு மடிப்பு, தலைமுடி கனத்தில்.

ஒரு கத்தியைப் பார்த்துச் சுண்டுவிரலைச் சொன்னவர் அந்த மடிப்பை முதல் தடவையாகப் பார்த்தார்.

“திறங்க சார்,” என்றார் ராவுத்தர். அப்புறம் திரும்பி உட்கார்ந்து சேணத்தை மடியில் எடுத்துக்கொண்டார்.

தனிஸ்லாஸ் பட்டனின்மேல் கட்டைவிரலை வைத்தார். எடுத்தார். சட்டையில் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தார். வேறொரு நாளாக இருந்தால் எமல்டா பிடுங்கித் திறந்திருப்பாள். அவள் இரண்டு கைகளையும் காய்கறிப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றாள்.

பட்டன் டப்பென்று கழன்றது. தோல் வெடிக்கவில்லை.

உள்ளேயிருந்து ஒரு காசு பலகைமேல் விழுந்து, உருண்டு, குப்புறப் படுத்தது. செப்புக் காசு. அமெரிக்கக் காசுகளிலேயே மதிப்பில் ஆகச் சின்னது. அதன் பின்னாலேயே, எட்டாக மடித்த ஒரு துண்டுக் காகிதம்.

தனிஸ்லாஸ் காகிதத்தைப் பிரித்தார். கண்ணாடி மூக்கில்தான் இருந்தது. இருந்தும் அவளிடம் நீட்டினார்.

எமல்டா எதையும் வேகமாகப் படிப்பவள். திருமண அழைப்பிதழையும் சரி, மருத்துவ ரிப்போர்ட்டையும் சரி, கடைசி வரிக்குப் போய்விட்டுத்தான் முதல் வரிக்கு வருவாள். ரெமியின் கையெழுத்து அப்படி விடவில்லை. அது பொடிப்பொடியாக, காகிதம் போதாதோ என்று பயந்து எழுதியதாக இருந்தது. ஒவ்வொரு சொல்லாகப் படிக்க வேண்டியிருந்தது.

“அப்பா, கத்தி வாங்கினா முதல்ல கல் இருக்கான்னு பாருன்னு எனக்குச் சொல்லிக் குடுத்தது நீங்க. நீங்களும் முதல்ல இந்தப் பையைத்தான் திறப்பீங்கன்னு தெரியும். அதான் இதுல வைக்கிறேன்.”

ராவுத்தரின் ஊசி தோலில் இறங்கியது. நூல் வரவில்லை. அவர் இழுக்கவில்லை.

“மெருகு போட்டது எவ்வளவு பெரிய தப்புன்னு இங்க வந்து நாலு பேர்கிட்ட கேட்டுத்தான் தெரிஞ்சுது. இந்தக் கத்தியை நான் துடைக்கக்கூட இல்ல. இதை வித்தவர் ஒண்ணு சொன்னார். இங்கயும் கத்தியைச் சும்மா குடுக்க மாட்டாங்களாம். உறவு அறுந்திரும்னு பயமாம். அதனால கூட ஒரு காசு வெச்சுக் குடுப்பாங்க. வாங்கிக்கிறவங்க அந்தக் காசைத் திருப்பிக் குடுத்திரணும். அப்ப அது விலைக்கு வாங்கின மாதிரி ஆயிரும். ஒண்ணும் அறுபடாது. நம்ம அம்மா மேஜை மேல வைக்கச் சொல்வாங்களே, அந்த மாதிரி.”

எமல்டா நிறுத்தினாள்.

“படி,” என்றார் தனிஸ்லாஸ்.

“என்னை மன்னிச்சிட்டீங்களான்னு போன்ல கேக்க எனக்குத் தைரியம் இல்ல. மன்னிச்சிட்டீங்கன்னா இந்தக் காசை மட்டும் திருப்பி அனுப்புங்கப்பா. ஊர்லேருந்து யாராவது வரும்போது குடுத்து விட்டாப் போதும். ஒரு வரியும் எழுத வேண்டாம்.”

கொட்டகையில் குதிரைகள் புல்லை மென்றுகொண்டிருந்தன. பலகையின் ஒரு கோடியில் கத்தி கிடந்தது. மறு கோடியில் காசு.

எலுமிச்சை ஊறுகாய். நாலு வருஷமும் எலுமிச்சை ஊறுகாய்.

தனிஸ்லாஸ் கண்ணாடியைக் கழற்றினார். அவருடைய கை பலகைமேல் காசைத் தேடியது. அது பக்கத்திலேயே இருந்தும் அகப்படவில்லை.

“எமல்டா,” என்றார். “அந்தக் கடைசி வரியை மட்டும் இன்னொரு தரம் படியேன்.”